‘பார்ட்ஸ் வராது, ஸார்!’

‘பார்ட்ஸ் வராது, ஸார்!’ என்கிற வாக்கியத்தின் மேல் எனக்குத் தீராத கோபம். ஒரு வேலையைச் செய்யத் தெரியாதவன் ‘தெரியாது’ என்று சொன்னால் அவனை மதிக்கலாம். செய்ய மனமில்லாதவன் ‘மனமில்லை’ என்றால் அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். இந்த வாக்கியமோ இரண்டையும் மறைத்துக்கொண்டு, பழியை எங்கோ ஜப்பானில் இருக்கிற ஒரு கிடங்கின்மேல் போட்டுவிட்டுச் சிரிக்கிறது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நம்முடைய கூடம் டோக்கியோவில் இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் சொல்வது ஆட்டோபோகஸ் பிலிம் காமிராக்களைப் பற்றி. லென்ஸைக் கையால் திருகித் தெளிவு பார்க்க வேண்டியதில்லை. பொத்தானைத் தொட்டால் காமிராவே தூரத்தை அளந்து லென்ஸை நகர்த்திக்கொள்ளும். 1977-ல் கோனிகா கம்பெனி இந்த ஜாதியில் முதல் காமிராவைக் கடைக்குக் கொண்டுவந்தது. 1985-ல் மினோல்டா 7000 வந்தது. 1987-ல் கானன் கம்பெனி ஈ.ஓ.எஸ். 650-ஐக் கொண்டுவந்தது. அப்புறம் இருபது வருஷம் ஒரே வெள்ளம். சிங்கப்பூரிலிருந்து வந்த மாமாவும், துபாயிலிருந்து வந்த அத்திம்பேரும், பர்மா பஜாரில் பேரம் பேசி வாங்கிய நண்பரும் இவற்றைத்தான் கொண்டுவந்தார்கள். கல்யாணங்களையும் காதுகுத்துகளையும் இவைதான் பார்த்தன. பிறகு டிஜிட்டல் வந்தது. இவை பீரோவுக்குள் போயின.

இப்போது, எவன் செய்த புண்ணியமோ, இளைஞர்கள் மறுபடியும் பிலிம் வாங்குகிறார்கள். தாத்தாவின் காமிராவைப் பீரோவிலிருந்து எடுக்கிறார்கள். பாட்டரி போடுகிறார்கள். அது முனகுகிறது, அல்லது மௌனமாக இருக்கிறது. எடுத்துக்கொண்டு கடைக்குப் போகிறார்கள். மந்திரம் ஓதப்படுகிறது.

நானும் போயிருக்கிறேன். பெயர் வேண்டாம், ஒரு பெரிய கம்பெனியின் சர்வீஸ் கவுண்டர். டை கட்டிய ஒரு பிள்ளை என் காமிராவை வாங்கி, அடிப்பக்கத்தைத் திருப்பி, மாடல் நம்பரைப் படித்தான். “இது டிஸ்கன்டின்யூட் மாடல், ஸார்.” திருப்பிக் கொடுத்துவிட்டான்.

“அதற்கு என்ன கோளாறு, தம்பி?” என்று கேட்டேன்.

“டிஸ்கன்டின்யூட், ஸார்.”

நோயாளியின் நாடியைப் பிடிக்காமல், பிறந்த வருஷத்தை மட்டும் கேட்டுவிட்டு மரண சர்ட்டிபிகேட் எழுதுகிற டாக்டரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன். அந்தப் பையன்மேல் எனக்கு வருத்தமில்லை. பின்கதவைத் திறந்து பார் என்று அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவனுக்கு அப்படிச் சொல்லிக் கொடுத்தவர்கள் மேல்தான் என் வழக்கு.

இந்த மந்திரத்துக்குப் பின்னால் ஒரு பொய் இருக்கிறது. ‘இதெல்லாம் எலெக்ட்ரானிக், எலெக்ட்ரானிக் போனால் போனதுதான்’ என்பதே அந்தப் பொய். உண்மை என்ன? இந்தக் காமிராக்களில் பெரும்பாலும் கெடுவது எலெக்ட்ரானிக் அல்ல. கெடுவது ரப்பர், பஞ்சு, பிளாஸ்டிக் பல்சக்கரம், தாழ்ப்பாள், அழுக்கு. மூளை பளிச்சென்று இருக்கிறது, முழங்கால்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. முழங்கால் வலிக்காரனைச் சுடுகாட்டுக்கு அனுப்பச் சொல்கிறீர்களே, நியாயமா?

ஓர் உதாரணத்தை நிதானமாகவே சொல்கிறேன். அவசரமாகச் சொன்னால் நம்பமாட்டீர்கள்.

கானன் ஈ.ஓ.எஸ். 650-லும், அதை ஒட்டி வந்த அதே குடும்பத்துக் காமிராக்கள் பலவற்றிலும், ஷட்டர் என்பது மெல்லிய இதழ்கள் சில சேர்ந்தது. ஒரு விநாடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நேரத்துக்கு வெளிச்சத்தை உள்ளே விட வேண்டும் என்றால், அந்த இதழ்கள் எவ்வளவு வேகமாக ஓடி எவ்வளவு சடாரென்று நிற்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். ஓடுகிற இதழ் முட்டி நிற்கிற இடத்தில், அடி படாமலிருக்க, ஒரு சின்ன மெத்தை வைத்திருக்கிறார்கள். ரப்பர் போன்ற பஞ்சு. புதிதில் அருமையாக வேலை செய்தது. ஆனால் அந்த ஜாதிப் பஞ்சுக்குக் காற்றிலுள்ள ஈரம் பரம விரோதி. வருஷங்கள் போகப் போக ஈரம் அதன் கட்டை அவிழ்த்துவிடுகிறது. பஞ்சு பிசினாகிறது, பிசின் தாராகிறது. பெட்டியில் பத்திரமாக வைத்திருந்த ஷூவைப் பத்து வருஷம் கழித்துப் போட்டுக்கொண்டு இரண்டு தெரு நடப்பதற்குள் அடிப்பாகம் பொடிப்பொடியாக உதிர்ந்த அனுபவம் உங்களில் சிலருக்கு இருக்கலாம். அதே வியாதிதான். சென்னைக் காற்றைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

தாராகிப்போன மெத்தையில் இதழ் முட்டுகிறது, ஒட்டிக்கொள்கிறது. போட்டோவின் ஒரு பாதி கறுப்பாக வருகிறது. சில சமயம் முழுவதுமே கறுப்பு. காமிராவின் சின்னத் திரையில் ‘பி.சி.’ என்ற இரண்டு எழுத்துக்கள் மினுக்குகின்றன. சொந்தக்காரர் பாட்டரி தீர்ந்துவிட்டதென்று நினைத்துப் புதிது வாங்குகிறார். சாதாரண பாட்டரியும் அல்ல. ஆறு வோல்ட் லிதியம், விலை கேட்டால் நெஞ்சு அடைக்கும். அதைப் போட்டும் மினுக்கல் நிற்பதில்லை. ‘எலெக்ட்ரானிக் போச்சு’ என்று தீர்ப்பு எழுதப்படுகிறது. ஆனால் பின்கதவைத் திறந்து இதழ்களை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், கறுப்பாக எண்ணெய் பளபளப்போடு ஒரு கறை தெரியும். இதைக் கண்டுபிடிக்க மைக்ராஸ்கோப் வேண்டாம். கண் போதும்.

சிகிச்சை? சிகரெட் லைட்டரில் ஊற்றுகிற பெட்ரோல், அல்லது ஐஸோப்ரோபைல் ஆல்கஹால். பஞ்சு சுற்றிய குச்சியை நனைத்து, பிழிந்து, இதழ்களின்மேல் அழுத்தாமல் ஒற்றியெடுப்பது. உலரவிட்டு, பிலிம் இல்லாமலே ஐம்பது நூறு தடவை தட்டுவது. உள்ளேயிருந்து மறுபடி கசியும், மறுபடி துடைப்பது. காமிரா எழுந்து உட்கார்ந்துவிடும்.

இதோடு விட்டால் சில மாதங்களிலேயே மறுபடி படுத்துக்கொள்ளும் என்பதையும் சொல்ல வேண்டும். மேலே வழிந்ததைத்தானே துடைத்தோம். ஊற்று உள்ளே இருக்கிறதே! முழு வைத்தியம் என்றால் காமிராவைத் திறந்து, ஷட்டரை வெளியே எடுத்து, அழுகிய மெத்தையைச் சுரண்டி எறிந்து, நல்லதாக ஒன்று வைக்க வேண்டும். அது கைதேர்ந்தவன் வேலை. ஆனால் பாருங்கள், இந்த முழு வைத்தியத்துக்கும் ஜப்பானிலிருந்து வரவேண்டிய ‘பார்ட்’ எது? சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னதாக ஒரு மெத்தை! அது வரவில்லையென்று ஒரு காமிராவை எடைக்குப் போடச் சொல்கிறார்கள்.

இன்னொன்று. பென்டாக்ஸ் எம்.இஸட். வரிசைக் காமிராக்களில் கண்ணாடி பாதியில் தூக்கியபடி நின்றுவிடும். உள்ளே கண்ணாடியைத் தூக்குகிற மோட்டாரின் தண்டில் கடுகளவு பிளாஸ்டிக் பல்சக்கரம் ஒன்று இருக்கிறது. அது காலப்போக்கில் வெடித்துவிடுகிறது. மோட்டார் சுற்றுகிறது; சக்கரம் சுற்றவில்லை. பித்தளையில் அதே அளவுக்கு ஒன்றைக் கடைந்து போட்டால் காமிரா தன் எஜமானைவிட அதிக நாள் இருக்கும். வெளிநாட்டில் பொழுதுபோக்குக்காரர்களே கடைந்து போட்டிருக்கிறார்கள். லேத் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லாத கோயமுத்தூர் இருக்கிற நாட்டில் உட்கார்ந்துகொண்டு நாம் ‘பார்ட்ஸ் வராது’ என்கிறோம்!

சில்லறைக் கோளாறுகளைச் சொல்லப் போனால் வெட்கமாகவே இருக்கிறது. பாட்டரி கசிந்து முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கும். வினிகர் தொட்ட குச்சி போதும். பிலிம் டப்பாவின் மேலுள்ள வெள்ளிக் கட்டங்களைத் தொட்டு அதன் வேகத்தைப் படிக்கிற ஊசிகள் உள்ளே இருக்கின்றன. 1983-ல் வந்த ஏற்பாடு அது. அதில் அழுக்கு சேர்ந்தால் பிலிம் 400 என்றாலும் காமிரா 100 என்று எடுத்துக்கொள்ளும். படம் வெளிறிப் போகும். துடைத்தால் தீர்ந்தது. சில நிக்கான்களின் முதுகு ரப்பர் கையில் வெல்லப்பாகாக ஒட்டும். ஆல்கஹாலால் துடைத்தால் பிசின் போய்ப் பிளாஸ்டிக் தெரியும். இவைகளுக்கெல்லாமா மரண தண்டனை?

இனி இன்னொரு கோஷ்டிக்கு வருகிறேன். இவர்கள் கவுண்டர்க்காரர்களைவிட ஆபத்தானவர்கள், ஏனென்றால் ரசிகர்கள். ‘காமிரா என்றால் மெக்கானிக்கல் காமிராதான், பாட்டரி இல்லாமல் வேலை செய்ய வேண்டும், மோட்டார் வைத்ததெல்லாம் பிளாஸ்டிக் பொம்மை’ என்று இவர்கள் பேசுவார்கள். 1982-ல் வந்த நிக்கான் எஃப்.எம்.2-ஐத் தொட்டுக் கும்பிடுவார்கள். நானும் கும்பிடுகிறேன், நல்ல காமிரா. ஆனால் அந்த மகானின் பின்கதவு ஓரத்திலும் வெளிச்சம் புகாமலிருக்க வைத்த பஞ்சு இருக்கிறதே, அதுவும் அழுகத்தான் செய்கிறது. கண்ணாடி மேலே எழும்பி முட்டுகிற இடத்தில் தாங்குகிற பஞ்சும் அப்படித்தான். அதை மாற்றினால் ‘பராமரிப்பு’ என்கிறார்கள், பூஜை போல. அதே அழுகல் ஆட்டோபோகஸ் காமிராவில் இருந்தால் ‘பார், பிளாஸ்டிக் புத்தி!’ என்கிறார்கள். பஞ்சுக்கும் ஜாதி பார்க்கிறவர்களிடம் என்ன பேசுவது?

வேடிக்கை என்னவென்றால் இதே ரசிகர் உலகம் சில ஆட்டோபோகஸ் காமிராக்களை மட்டும் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறது. 2017-ல் கெண்டல் ஜென்னர் என்கிற அமெரிக்க நட்சத்திரம் டெலிவிஷனில் கான்டாக்ஸ் டி2-வைக் காட்டிவிட்டார். அந்தச் சின்ன டைட்டானியப் பெட்டியின் விலை விண்ணுக்குப் போயிற்று. அதைச் செய்த கம்பெனி 2005-லேயே அந்தக் கடையைக் கட்டிவிட்டது. விலை ஏறியதால் ரிப்பேர் பெருகியிருக்க வேண்டும் அல்லவா? பெருகியது கைமாற்று வியாபாரம்தான். காமிராவைத் திறக்கத் தெரிந்தவர்கள் அன்றைக்கும் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள், இன்றைக்கும் அப்படியே.

எதிர்க் கட்சிக்கும் ஒரு நியாயம் உண்டு. அதை நான் விழுங்கிவிடக் கூடாது. உண்மையிலேயே எலெக்ட்ரானிக் போகிற காமிராக்கள் இருக்கின்றன. 1993-ல் வந்த நிக்கான் 35டி.ஐ.-யில் மடங்கி மடங்கிப் போகிற மெல்லிய மின்நாடா ஒன்று விரிசல் விடும். ரிக்கோ ஜி.ஆர்.1-ன் மேலே இருக்கிற எண்திரையில் எழுத்துக்கள் மங்கி மறையும். உள்ளே இருக்கிற சில்லு எரிந்துபோனால் அதைப் புதிதாகச் செய்ய எந்த ஆசாரியாலும் முடியாது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அப்போதும் பார்ட் வராமலில்லை. இன்னொரு செத்த காமிராவிலிருந்து வரும். ஷட்டர் போன ஒன்றும் சில்லு போன ஒன்றும் சேர்ந்தால் ஒரு முழுக் காமிரா. பழைய ரேடியோ ரிப்பேர்காரர்கள் இதை வைத்துத்தான் குடும்பம் நடத்தினார்கள். அதற்குக்கூட முதலில் திறந்து பார்க்க வேண்டும், எது போயிற்று என்று தெரிய வேண்டும். மாடல் நம்பரைப் படிப்பது பரிசோதனை ஆகாது.

‘சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதையாக, காமிராவின் விலையைவிட ரிப்பேர் கூலி அதிகமாகிறதே’ என்பார்கள். ஆகட்டுமே! ஒரு பிலிம் ரோல் வாங்கி, கழுவி, கம்ப்யூட்டரில் ஏற்ற ஆயிரம் ரூபாய்க்கு மேல் அழுகிறோம். அதுவும் முப்பத்தாறு படத்துக்கு. இரண்டு மணி நேரம் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு கடுகளவு திருகாணிகளோடு போராடுகிற மனிதனுக்கு இரண்டு ரோல் காசு கொடுக்க மூக்கால் அழுவானேன்? பழைய சாமானின் சந்தை விலையை வைத்து ரிப்பேர்காரனின் கூலியை நிர்ணயிப்பது எந்த ஊர் நியாயம்? நோயாளியின் வயதுக்கு ஏற்ப டாக்டர் பீஸைக் குறைத்துக்கொள்கிறாரா?

சரி, கம்பெனிகளுக்கு வருவோம். ஒரு சாமானை நாற்பது வருஷம் செய்துகொண்டே இரு என்று நான் எந்தக் கம்பெனியையும் கேட்கவில்லை. மினோல்டா 2003-ல் கோனிகாவோடு சேர்ந்தது. 2006-ல் காமிராத் தொழிலையே விட்டது. நிக்கான் எஃப்6-ஐ 2020-ல் நிறுத்தினார்கள். கானன் ஈ.ஓ.எஸ்.-1வி-யின் விற்பனை முடிந்ததாக 2018-ல் அறிவித்தார்கள். அதற்கு ரிப்பேர் செய்து தருவதற்கும் 2025 அக்டோபர் 31 என்று நாள் குறித்தார்கள். நாள் குறித்து முன்கூட்டிச் சொன்னது மரியாதை. வாயைத் திறக்காமல் கைவிட்டவர்கள் எத்தனையோ பேர். ஆனால் அந்த நாளுக்கு மறுநாள் என்ன? அந்தக் காமிராவைப் பிரிக்கிற முறை, எந்தத் திருகாணி எந்த ஓட்டைக்கு, எந்த முனையில் எத்தனை வோல்ட் இருக்க வேண்டும் என்று எழுதிய சர்வீஸ் புஸ்தகம் இருக்கிறதே, அது யாருக்காக? கம்பெனி இனிமேல் அதைத் தொடப்போவதில்லை. போட்டிக்காரன் திருடிக்கொள்வான் என்ற பயத்துக்கும் இடமில்லை. இன்று ஆட்டோபோகஸ் எஸ்.எல்.ஆர். பிலிம் காமிராவை யாருமே செய்வதில்லை. அதை அச்சுப்போட்டுக்கூடக் கொடுக்க வேண்டாம். திறந்து வைத்தால் போதும். ‘நாங்கள் கைவிட்டோம்; வேண்டியவர்கள் காப்பாற்றிக்கொள்ளுங்கள்’ என்று சொல்ல ஒரு கம்பெனிக்கு என்ன நஷ்டம்? நாய் வைக்கோற்போரில் படுத்த கதைதான். தானும் தின்னாது, மாட்டையும் தின்னவிடாது.

சர்க்கார்கள் மட்டும் என்ன? ஐரோப்பாவில் 2024-ல் ரிப்பேர் உரிமைக்குச் சட்டம் செய்தார்கள். சலவை யந்திரம் இருக்கிறது, ஐஸ்பெட்டி இருக்கிறது, கைபேசி இருக்கிறது, காமிரா இல்லை. நம்முடைய மத்திய சர்க்காரும் 2022 ஜூலையில் ஒரு கமிட்டி போட்டார்கள். விவசாயக் கருவி, கைபேசி, வீட்டு உபயோகச் சாமான், மோட்டார் வாகனம் என்று நான்கு துறைகளைச் சொன்னார்கள். விவசாயி முதலில் நிற்பது நியாயம். அவனுக்குப் பின்னால் வரிசையில் நிற்க எனக்கு ஆட்சேபமில்லை. வரிசையில் இடமாவது கொடுங்கள் என்கிறேன்.

கடைசியாக, நான் மிகவும் மதிக்கிறவர்களிடமும் ஒரு சண்டை. நம் ஊரில் இன்னும் சில பழைய ரிப்பேர்காரர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரை எனக்குத் தெரியும். மாடிப்படிக்குக் கீழே ஒரு மேஜை, ஒரு விளக்கு, அவ்வளவுதான் கடை. காமிராவைக் காதருகே வைத்து மோட்டாரின் சத்தத்தைக் கேட்டே எந்தப் பல்சக்கரம் என்று சொல்லிவிடுவார். அவரிடம், “இதைப் பையன் யாருக்காவது சொல்லிக் கொடுத்திருக்கிறீர்களா, ஐயா?” என்று கேட்டேன். “கத்துக்கிட்டு எனக்கே எதிர்க்கடை போடுவான்” என்றார். அவருக்கு எழுபது தாண்டிவிட்டது. எதிர்க்கடையைப் பற்றிய பயம் இன்னும் போகவில்லை! வித்தையைப் பொத்திப் பொத்தி வைத்துக்கொண்டே செத்துப்போன வைத்தியர்களின் பரம்பரை நம்முடையது. கம்பெனி புஸ்தகத்தைப் பூட்டி வைத்தால் எனக்குக் கோபம் வருகிறது; இவர் தலையில் இருக்கிற புஸ்தகத்தைப் பூட்டி வைத்தால் மட்டும் நான் கைகட்டி நிற்க வேண்டுமா?

பென்டாக்ஸ் கம்பெனியைப் பாருங்கள். 2024-ல், இத்தனை வருஷத்துக்குப் பிறகு, புதிதாக ஒரு பிலிம் காமிரா செய்தார்கள். கையால் நெம்பிப் பிலிம் சுற்றுகிற காமிரா. தூரத்தைக்கூட நாம்தான் திருகிக் குறிக்க வேண்டும்; ஆட்டோபோகஸ் இல்லை. அந்த நெம்புகோலைச் செய்வதற்கே, ஓய்வுபெற்று வீட்டில் இருந்த பழைய என்ஜினீயர்களைத் தேடிப்போய்க் கேட்க வேண்டியிருந்தது. செய்தவனுக்கே மறந்துவிட்டது! கேட்பதற்கு ஆள் உயிரோடு இருந்தது அவர்கள் அதிருஷ்டம். மாடிப்படிக்குக் கீழே இருக்கிற நம் ஆளை யார் தேடிப்போகப் போகிறார்கள்?

இதையெல்லாம் படித்துவிட்டு உற்சாகமாகத் திருப்புளியை எடுக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. துடைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பிளாஷ் உள்ள காமிராவின் வயிற்றில் ஒரு கெபாஸிடர் இருக்கிறது. பாட்டரியைக் கழற்றிய பிறகும் அதில் முந்நூறு வோல்ட்டுக்குப் பக்கத்தில் தங்கியிருக்கும். தொட்டால் காமிரா பறக்கும், நீங்களும் பறப்பீர்கள். அதை எப்படி வடிப்பது என்று தெரிந்த பிறகுதான் மேல்மூடியைத் தொட வேண்டும். தெரியாதவர்கள் தெரிந்தவரிடம் கொண்டுபோகலாம்.

அப்படிப் போகும்போது வீட்டில் கிடக்கிற செத்த காமிராக்களையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். ஷட்டர் உடைந்தது, கீழே விழுந்தது, லென்ஸில் பூஞ்சை பிடித்தது எதுவானாலும் சரி. பழைய பேப்பர்காரனுக்குப் போட வேண்டாம். அந்த மேஜைக்குக் கீழே ஒரு மரப்பெட்டி இருக்கிறது. நம் ஊரில் கானனுக்கும் மினோல்டாவுக்கும் பார்ட்ஸ் வருவது அந்தப் பெட்டியிலிருந்துதான்.